மேலாளரை உருவாக்கும் ஆசிரியர்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் மேலாண்மைக் கல்வி

பொருள் உற்பத்திக்கு நிலம், உழைப்பு, மூலதனம் ஆகிய மூன்றும் அடிப்படை என்பது பொருளாதாரம் பயிலும் மாணவர் அறிந்த முதற்பாடம். எனினும், இம்மூன்றும் குறைவின்றி இருந்தும் நலிந்த தொழில்கள் நம் நாட்டில் பல உண்டு. நல்ல இயந்திரம் இருந்தும் மூடப்பட்ட ஆலைகளும், பால் பெருகியும் நொடித்த கூட்டுறவுச் சங்கங்களும், அமோக விளைச்சல் கண்ட ஆண்டிலேயே கடனாளியான விவசாயிகளும் இதற்குச் சான்று. இருப்பதை ஒருங்கிணைத்துப் பயன்படுத்தும் நிர்வாகத் திறன் இல்லாத இடத்தில் மற்ற வளங்கள் பயன் தருவதில்லை.

இத்திறனைக் கற்பிப்பதற்கென ஏற்பட்டதே முதுநிலை மேலாண்மைக் கல்வி. இக்கல்வியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மாணவர் சேர்க்கை, கட்டணம், படித்து முடித்தோர் பெறும் ஊதியம் ஆகியவற்றையே பேசுகின்றனர். அங்கே கற்பிப்பவர் யார், அவர் எவ்வாறு தகுதி பெற்றார், வகுப்பறைக்கு வெளியே அவருடைய அறிவு யாருக்குப் பயன்படுகிறது என்பன அதிகம் பேசப்படாத வினாக்கள். சித்தூர், திருப்பதி வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆசிரியரைத் தேடிய காலம்

இந்தியாவில் மேலாண்மைக்கெனத் தனி நிறுவனம் 1953-ஆம் ஆண்டு கல்கத்தாவில் தோன்றியது. அடுத்த ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகத்தில் மேலாண்மைத் துறை அமைந்தது. 1961-ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவிலும் டிசம்பரில் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் நிறுவப்பட்டன. கட்டடமும் நிதியும் திரட்டுவதைவிட, கற்பிக்கத் தக்க ஆசிரியரைத் திரட்டுவதே அன்று பெரும் சிக்கலாக இருந்தது. நாட்டில் வணிகவியல், பொருளாதாரம், பொறியியல் ஆகியவற்றில் தேர்ந்தோர் இருந்தனர். மேலாண்மையை ஒரு துறையாகக் கற்றோர் மிகச் சிலரே.

போர்டு நிறுவனத்தின் நிதியுதவியுடன் இக்குறை ஓரளவு நீக்கப்பட்டது. ஆமதாபாத் கழகம் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியுடனும், கல்கத்தா கழகம் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துடனும் ஒத்துழைப்பை ஏற்படுத்திக்கொண்டன. உண்மையான தொழில் நிலைமை ஒன்றை மாணவர் முன் வைத்து, அவர்களையே விவாதித்து முடிவு காணச் செய்யும் நிகழ்வாய்வு முறை ஆமதாபாத்தில் வேரூன்றியது. கணிதத்தையும் புள்ளியியலையும் அடிப்படையாகக் கொண்ட ஆய்வு முறை கல்கத்தாவில் வளர்ந்தது. இவ்விரு மரபுகளின் செல்வாக்கை இன்றும் நாட்டின் மேலாண்மை வகுப்பறைகளில் காணலாம்.

அயல்நாட்டுப் பயிற்சியை மட்டும் நம்பியிருப்பது நெடுநாள் நிலைக்காது என்பது விரைவில் உணரப்பட்டது. முனைவர் பட்டத்திற்கு நிகரான ஆராய்ச்சிப் படிப்பை ஆமதாபாத் கழகம் 1971-ஆம் ஆண்டு தொடங்கியது. ஆசிரியரை நாட்டிலேயே உருவாக்கும் முயற்சியில் இது முக்கியமான படி.

அக்கழகத்தின் முதல் முழுநேர இயக்குநராக 1965-ஆம் ஆண்டு பொறுப்பேற்ற ரவி மத்தாய், கல்வி பற்றிய முடிவுகளை ஆசிரியர் குழுவே எடுக்க வேண்டும் என்ற மரபை நிலைநாட்டினார். 1972-ஆம் ஆண்டு தாமாகவே இயக்குநர் பதவியைத் துறந்து, அதே கழகத்தில் பேராசிரியராகத் தொடர்ந்தார். 1975-ஆம் ஆண்டு ராஜஸ்தானில் அன்று அஜ்மீர் மாவட்டத்திலிருந்த ஜவாஜா என்னும் வறண்ட பகுதிக்குச் சென்று, தேசிய வடிவமைப்புக் கழகத்தின் துணையுடன் தோல் தொழிலாளரும் நெசவாளரும் தங்கள் தொழிலைத் தாங்களே நிர்வகிக்கப் பழக்கும் பணியில் ஈடுபட்டார். பெரிய ஆலையின் மேலாளருக்குப் பயன்படும் அறிவு கிராமத் தறிக்காரருக்கும் பயன்பட வேண்டும் என்பது அம்முயற்சியின் உட்கருத்து. சித்தூர் வட்டாரத்தை ஆராய்வோர் நினைவிற் கொள்ள வேண்டிய முன்மாதிரி இது.

வட்டாரமும் அதன் நிறுவனங்களும்

1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று உருவான சித்தூர் மாவட்டம், 1953-ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் பிரியும்வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு பகுதி ஆந்திரப் பிரதேசத்திற்குச் சென்றது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி தனி மாவட்டமாயிற்று. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி இது. மாம்பழமும், பாலும், தறியும், யாத்திரிகர் கூட்டமும் நெடுங்காலமாக இதன் பொருளாதாரத்தைத் தாங்கி வந்துள்ளன.

உயர்கல்வியில் இவ்வட்டாரத்தின் மூத்த நிறுவனம் 1954-ஆம் ஆண்டு திருப்பதியில் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம். 1983-ஆம் ஆண்டு மகளிருக்கென ஸ்ரீ பத்மாவதி பல்கலைக்கழகம் அதே நகரில் ஏற்பட்டது. இவ்விரண்டும் மாநில அரசின் பல்கலைக்கழகங்கள். இரண்டிலும் முதுநிலை மேலாண்மைப் படிப்பு உண்டு. ராயலசீமையின் சிற்றூர்களிலிருந்து வரும், குடும்பத்தில் முதல் பட்டதாரிகளாகும் மாணவர்களுக்கு இத்தகைய அரசுப் பல்கலைக்கழகங்களே எட்டக்கூடிய வாயில்.

மற்றொரு நிறுவனத்தின் வரலாறு வேறு வகையானது. நிதி மேலாண்மை ஆராய்ச்சிக் கழகம் என்னும் ஐ.எப்.எம்.ஆர். 1970-ஆம் ஆண்டு சென்னையில் இலாப நோக்கற்ற சங்கமாகப் பதிவு பெற்றது. ஐசிஐசிஐ நிறுவனமும் கோத்தாரி குழுமமும் அதன் தோற்றத்திற்குத் துணை நின்றன. நுங்கம்பாக்கத்தில் பல்லாண்டுகள் இயங்கிய அதன் மேலாண்மைப் பள்ளி, பின்னர் சத்தியவேட்டை ஒட்டிய ஸ்ரீசிட்டி தொழில் நகரத்திற்குப் பெயர்ந்தது. 2018-ஆம் ஆண்டு கிரியா பல்கலைக்கழகம் தனியார் பல்கலைக்கழகமாக அங்கு அமைந்தபோது, இப்பள்ளி அதன் அங்கமாயிற்று. முன்னர் முதுநிலைப் பட்டயமாக அளிக்கப்பட்ட படிப்பு எம்.பி.ஏ. பட்டமாக மாறியது. பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகத்திற்கே உண்டு என்பதால் பட்டயத்திற்கும் பட்டத்திற்கும் இவ்வேறுபாடு எழுகிறது. இந்திய மேலாண்மைக் கழகங்களும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே பட்டம் வழங்கும் உரிமையைப் பெற்றன.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், 2008-ஆம் ஆண்டு முதல் வளர்ந்து வரும் ஸ்ரீசிட்டியில் இசுசு வாகன ஆலையும், அல்ஸ்டாம் நிறுவனத்தின் ரயில் பெட்டி ஆலையும், உணவுப் பொருள் ஆலைகளும் உள்ளன. திருப்பதிக்கு அருகே கரக்கம்பாடியில் 1985-ஆம் ஆண்டு தோன்றிய அமர ராஜா குழுமத்தின் மின்கல ஆலைகள் உள்ளன. ஆகவே மேலாண்மைப் பேராசிரியர் ஒருவருக்குத் தம் பாடத்தைச் சரிபார்க்க உகந்த களம் இரண்டு மணி நேரப் பயணத்திற்குள் கிடைக்கிறது. பன்னாட்டு ஆலை, உள்நாட்டு ஆலை, கூட்டுறவு, கைத்தொழில், ஆலய நிர்வாகம் என ஐந்து வகை நிறுவனங்களை இவ்வளவு அருகருகே கொண்ட வட்டாரங்கள் நாட்டில் அதிகமில்லை.

பேராசிரியர் எனப்படுபவர் யார்?

வழக்கில் கல்லூரி ஆசிரியர் அனைவரையும் பேராசிரியர் என்று அழைப்பதுண்டு. விதிமுறையில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என மூன்று நிலைகள் உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, இணைப் பேராசிரியராக முனைவர் பட்டமும் 8 ஆண்டு அனுபவமும் 7 ஆராய்ச்சி வெளியீடுகளும் வேண்டும். பேராசிரியராக முனைவர் பட்டமும் 10 ஆண்டு அனுபவமும் 10 வெளியீடுகளும் வேண்டும். உதவிப் பேராசிரியர் வாரத்திற்கு 16 மணி நேரமும், மற்ற இரு நிலையினர் 14 மணி நேரமும் நேரடியாகக் கற்பிக்க வேண்டும். மொத்த வேலை நேரம் வாரத்திற்கு 40 மணிக்குக் குறையலாகாது. எஞ்சிய நேரம் ஆராய்ச்சிக்கும், மாணவருக்கு வழிகாட்டுவதற்கும், நிறுவனப் பணிக்கும் உரியது.

மேலாண்மைத் துறைக்கு இவ்விதிகள் முழுவதும் பொருந்துமா என்பது பழைய வினா. மருத்துவம் கற்பிப்பவர் நோயாளியைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் ஒரு நாளேனும் கடையையோ ஆலையையோ நடத்தாதவர் மேலாண்மை கற்பிக்கலாமா? ஆராய்ச்சியே செய்யாமல் அனுபவத்தை மட்டும் கொண்டவர் கற்பிக்கலாமா? முன்னவர் கோட்பாட்டை அறிவார். அது எங்கே முறியும் என்பதை அறியார். பின்னவர் தாம் கண்ட ஒரு நிறுவனத்தை நன்கறிவார். அதிலிருந்து பொது விதி எதுவரை செல்லும் என்பதை அறியார்.

இவ்விரண்டையும் இணைத்தோருள் கோயம்புத்தூரில் பிறந்த சி. கே. பிரகலாத் குறிப்பிடத்தக்கவர். சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் பயின்று, யூனியன் கார்பைடு நிறுவனத்தின் மின்கலத் தொழிற்சாலையில் பணியாற்றிய பின்னரே அவர் ஆமதாபாத்தில் மேலாண்மை கற்றார். ஹார்வர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பி ஆமதாபாத்தில் சிறிது காலம் கற்பித்து, பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று உலகப் புகழ் பெற்றார். ஆலைத் தளத்தின் அனுபவம் ஆசிரியருக்கு எவ்வளவு துணை செய்யும் என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது. தகுதி மிக்க ஆசிரியரை நாட்டிலேயே நிறுத்திக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதையும் அது கூடவே உணர்த்துகிறது.

அனுபவசாலிகளை வகுப்பறைக்குக் கொண்டுவர மானியக் குழு 2022-ஆம் ஆண்டு ஒரு வழி வகுத்தது. தம் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவமும் உயர்நிலைப் பொறுப்பும் உடையோரை, முனைவர் பட்டம் இல்லாவிடினும், 'நடைமுறைப் பேராசிரியர்' என்ற பெயரில் நியமிக்கலாம். அவர்களது எண்ணிக்கை அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்திற்கு மிகக் கூடாது. பணிக்காலம் மொத்தம் 4 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. நிரந்தர ஆசிரியருக்குத் துணையாக இவர்கள் அமைய வேண்டும் என்பதே இவ்வரம்புகளின் நோக்கம்.

வகுப்பறையில்: இரண்டு பாடங்கள்

இரண்டாண்டு எம்.பி.ஏ. படிப்பில் முதலாண்டு கணக்கியல், பொருளாதாரம், புள்ளியியல், நிறுவன நடத்தை, சந்தையியல், நிதி, உற்பத்தி மேலாண்மை ஆகிய அடிப்படைப் பாடங்களுக்கு உரியது. இரண்டாமாண்டில் விருப்பப் பாடங்கள் இடம்பெறும். பாடத்திட்டம் எங்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். அதனை உயிர்ப்பிப்பது ஆசிரியர் தேர்ந்தெடுக்கும் எடுத்துக்காட்டு. இவ்வட்டாரத்திலிருந்து இரண்டினைக் காணலாம்.

முதலாவது, வரிசைக் கோட்பாடு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த எர்லாங் என்னும் டேனிஷ் கணித அறிஞர் 1909-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையுடன் இக்கோட்பாடு தொடங்குகிறது. ஒரு கவுண்டர் மணிக்குச் சராசரி 60 பேருக்குச் சேவை செய்யக்கூடியது எனக் கொள்வோம். வருவோர் ஒழுங்கின்றி, முன்பின்னாக வருகின்றனர்; ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் மாறுபடுகிறது. மணிக்கு 50 பேர் வந்தால், ஒருவர் அங்கு செலவிடும் சராசரி நேரம் 6 நிமிடம். 58 பேர் வந்தால் அது 30 நிமிடமாகிறது. 59 பேர் வந்தால் 60 நிமிடமாகிறது. கூட்டம் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக உயர, காத்திருப்பு பத்து மடங்காகிறது. வருகை 60-ஐத் தாண்டிவிட்டால் வரிசைக்கு முடிவே இல்லை. கவுண்டரின் முழுத் திறனையும் பயன்படுத்த எண்ணும் நிர்வாகி, தம்மை அறியாமலே பெருங்கூட்டத்தை உருவாக்குகிறார் என்பது இதன் பாடம்.

திருமலையில் நாள்தோறும் பல்லாயிரக்கணக்கானோர் தரிசனத்திற்கு வருகின்றனர். நேரம் குறித்த அனுமதிச் சீட்டு முறை, வருகையை நாள் முழுவதும் பரப்பி மலைமேல் காத்திருப்பைக் குறைக்கிறது. ஆனால் ஓரிடத்தில் குறைந்த வரிசை மற்றோரிடத்தில் தோன்றக்கூடும். 2025-ஆம் ஆண்டு ஜனவரி 8 அன்று, வைகுண்ட வாயில் தரிசனச் சீட்டுகளைப் பெறத் திருப்பதி நகரில் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 6 பேர் உயிரிழந்தனர். தரிசன வரிசையைச் சீராக்கும் சீட்டிற்கே ஒரு வரிசை உண்டு. அதற்கும் அதே கணிதம் பொருந்தும். கரும்பலகையில் எழுதப்படும் சூத்திரம் மனித உயிரைத் தொடும் இடம் இது. உற்பத்தி மேலாண்மை கற்பிக்கும் ஆசிரியர், வங்கிக் கவுண்டரையும் விமான நிலையத்தையும் மட்டும் எடுத்துக்காட்டாகக் கூறி நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இரண்டாவது, மாங்கூழ்த் தொழில். சித்தூர் வட்டாரம் தோத்தாபுரி மாம்பழத்திற்குப் பேர்பெற்றது. தமிழ்நாட்டில் இது கிளிமூக்கு மாம்பழம் எனவும் வழங்கும். இதன் பெரும்பகுதி கூழாக்கும் ஆலைகளுக்கே செல்கிறது. எனவே விவசாயியின் விலை, ஆலையின் கொள்முதலைச் சார்ந்தது. ஆலையின் கொள்முதல், முந்தைய ஆண்டின் கையிருப்பையும் அயல்நாட்டுத் தேவையையும் சார்ந்தது. 2025-ஆம் ஆண்டு பருவத்தில் விலை சரிந்தபோது, மாநில அரசு கிலோவுக்கு ரூ. 12 என நிர்ணயித்தது. அதில் ரூ. 8 ஆலைகள் தர வேண்டியது, ரூ. 4 அரசின் மானியம். பிற மாநிலங்களிலிருந்து இப்பழம் மாவட்டத்திற்குள் வருவதைத் தடுக்கும் ஆணையும் அவ்வாண்டு ஜூன் மாதம் பிறப்பிக்கப்பட்டது. அண்டை மாநிலமான கர்நாடகம் இதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது.

இந்த ஒரு நிகழ்ச்சியில் மேலாண்மைப் பாடங்கள் பலவும் அடங்கியுள்ளன. கையிருப்புக் கூழின் மதிப்பைக் கணக்கில் எவ்வாறு காட்டுவது என்பது கணக்கியல். சில வாரங்களே நீடிக்கும் பருவத்தில் ஓடி, மற்ற நாட்களில் ஓய்ந்திருக்கும் இயந்திரத்தின் நிலையான செலவை எவ்வாறு பங்கிடுவது என்பது செலவுக் கணக்கு. அறுவடைக்கு முன்பே ஆலையும் விவசாயியும் ஒப்பந்தம் செய்துகொண்டால், சந்தை விலை ஏறும்போது விவசாயியும் இறங்கும்போது ஆலையும் அதை மீறாதிருக்கச் செய்வது எப்படி என்பது ஒப்பந்தப் பொருளாதாரம். மாநில எல்லையில் லாரியை நிறுத்துவதால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்பது பொதுக் கொள்கை. வகுப்பில் ஆலை முதலாளியாக ஒரு மாணவரும், ஐந்து ஏக்கர் தோப்புடையவராக ஒரு மாணவரும், மாவட்ட ஆட்சியராக ஒரு மாணவரும் வாதிடும்போது, எந்த விலையும் அனைவருக்கும் நியாயமாக இராது என்பதையும், எனினும் ஒரு விலையை முடிவு செய்தே ஆக வேண்டும் என்பதையும் அவர்கள் உணர்வர். நிகழ்வாய்வு முறையின் பயன் இதுவே.

ஆராய்ச்சி யாருக்காக?

பேராசிரியரின் இரண்டாவது கடமையான ஆராய்ச்சி, பதவி உயர்வுக்குத் தேவையான வெளியீட்டு எண்ணிக்கையோடு முடிந்துவிடும் அபாயம் என்றும் உண்டு. இதற்கு மாறான மரபும் இவ்வட்டாரத்தோடு தொடர்புடைய நிறுவனத்திலேயே உள்ளது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2003-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வறுமை ஒழிப்பு ஆய்வு மையம், தனது தெற்காசியப் பிரிவை 2007-ஆம் ஆண்டு ஐ.எப்.எம்.ஆர். நிறுவனத்தில் அமைத்தது. அம்மையத்தைத் தோற்றுவித்தவர்களான அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும், மைக்கேல் கிரெமருடன் சேர்ந்து 2019-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசு பெற்றனர். ஒரு திட்டத்தைச் சில இடங்களில் மட்டும் குலுக்கல் முறையில் செயற்படுத்தி, செயற்படுத்தாத இடங்களோடு ஒப்பிட்டுப் பயனை அளப்பது இவர்களது முறை.

இம்முறையில் நடந்த ஆய்வுகளுள் ஒன்று ஐதராபாத் நகரின் நுண்கடன் ஆய்வு. 104 குடியிருப்புப் பகுதிகளைத் தேர்ந்து, அவற்றில் பாதியில் மட்டும் நுண்கடன் நிறுவனம் முதலில் கிளை திறந்தது. கடன் கிடைத்த பகுதிகளில் சிறுதொழில்களில் முதலீடு பெருகியது. ஆனால் கல்வி, உடல்நலம், பெண்களின் முடிவெடுக்கும் உரிமை ஆகியவற்றில் எதிர்பார்த்த மாற்றம் தென்படவில்லை. முழு முடிவுகள் 2015-ஆம் ஆண்டு வெளியாயின. இதற்கிடையே 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆந்திரப் பிரதேச அரசு நுண்கடன் வசூலைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. நுண்கடன் வறுமையை ஒழிக்கும் மருந்து என்போரும், அது ஏழையைச் சுரண்டும் கருவி என்போரும் கடுமையாக மோதிய காலம் அது. இரு தரப்பாரும் கூறிய அளவுக்கு உண்மை எளிதாக இல்லை என்பதை அளந்து காட்டியது இவ்வாய்வு.

பிரிவினைக்கு முந்தைய ஆந்திரப் பிரதேசத்தில் ஊரக வேலைத் திட்டக் கூலியையும் ஓய்வூதியத்தையும் கைரேகை அடையாள அட்டை வழியாக வழங்கும் முறையும் இவ்வாறே எட்டு மாவட்டங்களில் ஆராயப்பட்டது. கூலி விரைவாகக் கிடைத்ததும், இடையில் கசிந்த தொகை குறைந்ததும் 2016-ஆம் ஆண்டு வெளியான கட்டுரையில் நிறுவப்பட்டன. நிர்வாகச் சீர்திருத்தத்தின் பயனைக் கருத்தால் மட்டுமன்றிக் கணக்காலும் காட்ட முடியும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. இத்தகைய ஆய்வு நடக்கும் நிறுவனத்தில் பயிலும் மாணவர், 'இத்திட்டம் பயன் தந்தது' என்று எவரேனும் கூறினால், 'எதனோடு ஒப்பிட்டு?' என்று கேட்கப் பழகுகிறார். அரசு அலுவலருக்கும் தொழில் நிர்வாகிக்கும் ஒருங்கே தேவையான பழக்கம் அது.

இடர்ப்பாடுகள்

இவ்வளவு வாய்ப்புகள் இருந்தும் பேராசிரியரின் பணி தடையின்றி நடைபெறுகிறது எனக் கூற முடியாது. முதலாவது தடை ஆட்பற்றாக்குறை. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓய்வு பெற்றோரின் இடங்கள் உரிய காலத்தில் நிரப்பப்படாமல், ஒப்பந்த ஆசிரியரும் வருகை ஆசிரியரும் பணியைத் தாங்குகின்றனர். ஆண்டுதோறும் பணி நீட்டிப்பை எதிர்நோக்கும் ஆசிரியர், ஐந்தாண்டு பிடிக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கத் தயங்குவது இயல்பே. தனியார் நிறுவனங்கள் கூடுதல் ஊதியத்தால் ஆசிரியரைக் கவர முடியும். அச்செலவு மாணவர் கட்டணத்தில் ஏறுகிறது. ஆகவே நல்ல ஆசிரியரும் வசதி குறைந்த மாணவரும் ஒரே வகுப்பறையில் சந்திக்கும் வாய்ப்பு சுருங்குகிறது. இக்கட்டுரையில் எழுப்பப்படும் வினாக்களுள் மிகவும் கவலைக்குரியது இதுவே.

இரண்டாவது, வெளியீடுகளை எண்ணிக்கையால் மட்டும் அளக்கும் போக்கு. அயல்நாட்டு இதழில் இடம்பெறும் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு, புத்தூர், நகரித் தறிக்கூடங்களின் நூல் கொள்முதல் பற்றிய ஆய்வுக்கோ, 2002-ஆம் ஆண்டு மூடப்பட்ட சித்தூர் கூட்டுறவுப் பால்பண்ணையின் வீழ்ச்சி பற்றிய நிகழ்வாய்வுக்கோ கிடைப்பதில்லை. இதனால் உள்ளூர் அனுபவம் எழுதப்படாமலே மறைகிறது. சித்தூர் மாணவர் அமெரிக்கப் பேரங்காடியின் வரலாற்றை அறிவார். தம் ஊர்ப் பால்பண்ணை ஏன் மூடப்பட்டது என்பதை அறியார்.

மூன்றாவது, மொழி. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. களம் தெலுங்கிலும் தமிழிலும் இருக்கிறது. ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி துணியில் எழுத்தாணி கொண்டு வரையும் கலைஞரிடம் விலை நிர்ணயம் பற்றிப் பேச வேண்டிய மாணவருக்கு, பாடநூலின் சொற்கள் உதவுவதில்லை. எளிய சொல்லில் கணக்கைக் கேட்கவும் விளக்கவும் பழக்குவது ஆசிரியரின் பொறுப்பாகிறது.

செய்யத் தக்கவை

இவ்விடர்ப்பாடுகளைக் களையச் சில வழிகள் உள்ளன. முதலாவதாக, அரசுப் பல்கலைக்கழகங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் ஓய்வு பெறும் நாளை முன்கூட்டியே கணக்கிட்டு நிரப்பப்பட வேண்டும். ஓய்வு நாள் எவருக்கும் தெரியாத இரகசியமன்று; ஆகவே இதில் காலதாமதத்திற்கு நியாயமில்லை.

இரண்டாவதாக, வட்டாரத்திலுள்ள பல்கலைக்கழகங்கள் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ளலாம். ஸ்ரீசிட்டியில் புள்ளியியல் ஆய்வு முறை கற்பிப்பவர் ஒரு பருவம் திருப்பதியிலும், திருப்பதியில் கூட்டுறவு பற்றி அறிந்தவர் ஒரு பருவம் ஸ்ரீசிட்டியிலும் கற்பிப்பதற்குப் பெரும் நிதி தேவையில்லை. தொலைவைவிட நிர்வாகத் தயக்கமே இதற்குத் தடையாகிறது.

மூன்றாவதாக, பதவி உயர்வில் உள்ளூர் நிகழ்வாய்வுகளுக்கு உரிய மதிப்பெண் தரப்பட வேண்டும். ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு ஒன்று எழுதினாலும், பத்தாண்டுகளில் இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறே திரண்டுவிடும். தோல்வியுற்ற நிறுவனங்களின் நிகழ்வாய்வுகளுக்கு இதில் தனி இடம் வேண்டும். வெற்றி பெற்றோரை மட்டும் கற்பது அரைக் கல்வியே.

நான்காவதாக, நடைமுறைப் பேராசிரியர் பதவிக்குப் பெருநிறுவன அதிகாரிகளை மட்டும் நாடுதல் போதாது. மாவட்டத் தொழில் மையத்தை நடத்தியவர், கூட்டுறவு வங்கியை மீட்டவர், மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பை வழிநடத்தியவர் ஆகியோரும் அப்பதவிக்குத் தகுந்தவரே.

ஐந்தாவதாக, கோடைக்காலப் பயிற்சியில் ஒரு பகுதி மாணவரேனும் மாங்கூழ் ஆலை, தறிக்கூடம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியவற்றில் பணிபுரிய வேண்டும். கோடைக்காலமே மாம்பருவமும் ஆதலால் இதற்குப் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டிய தேவைகூட எழாது.

ஒரு பேராசிரியர் தம் பணிக்காலத்தில் ஆயிரக்கணக்கான மாணவரைக் காண்கிறார். அவர்கள் பின்னர் கடன் வழங்குவோராகவும், விலை நிர்ணயிப்போராகவும், கூட்டத்தை ஒழுங்கு செய்வோராகவும், ஆளெடுப்போராகவும் அமர்கின்றனர். அவர்கள் எடுக்கும் முடிவு தோப்புக்காரரின் வீட்டையும் தறிக்காரரின் அடுப்பையும் எட்டுகிறது. ஆகவே மேலாண்மைப் பள்ளியின் தரத்தை அளக்க விரும்புவோர், அதன் மாணவர் பெற்ற மிக உயர்ந்த ஊதியத்தோடு மற்றொன்றையும் கேட்டறிய வேண்டும்: அப்பள்ளியின் ஆசிரியர், சுற்றியுள்ள முப்பது மைலில் எத்தனை ஆலைகளையும் சந்தைகளையும் கிராமங்களையும் அறிந்திருக்கிறார் என்பதே அது. ஜவாஜாவின் தோல் தொழிலாளரிடம் அரை நூற்றாண்டுக்கு முன் சென்ற பேராசிரியரின் பாதை சித்தூருக்கும் திருப்பதிக்கும் இன்றும் திறந்தே இருக்கிறது. அதில் நடப்பதற்கான நேரத்தையும் ஊக்கத்தையும் ஆசிரியருக்கு அளிப்பது பல்கலைக்கழகங்களின் கடமை. அப்பணியிடங்களைக் காலியாக விடாதிருப்பது அரசின் கடமை.